பாய்லர் அண்ணனின் குண்டான்

என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சலவை ஆலையில் எல்லோருக்கும் அவன் பாய்லர் அண்ணன். வயதில் மூத்த மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அனுப்புகிற ஆலை அது. அத்தனைக்கும் நீராவி வேண்டும். அதைக் கிளப்பிவிடுகிற ஆள் என் அண்ணன். நான் அதே ஆலையில் இஸ்திரிப் பிரிவு. எனக்கு வாய் நீளம் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். அந்த இயந்திரச் சத்தத்தில் வாய் நீளமாக இல்லாவிட்டால் யார் காதில் என்ன விழும்?

அண்ணனுக்கு இரண்டின் மேல் உயிர். ஒன்று அந்த பாய்லர். இன்னொன்று கெட்டியான உருளைக்கிழங்கு சூப். பாய்லரைப் பற்றவைக்கும் முன் அதன் வயிற்றில் இரண்டு தட்டு தட்டி, "எந்திரிடா ராஜா" என்பான். கட்டிய மனைவியை ஒருநாள்கூட அவ்வளவு ஆசையாக எழுப்பியிருக்க மாட்டான். சூப் விஷயத்தில் அவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். கிண்ணத்தின் நடுவே கரண்டியை நட்டால் அது சாயாமல் நிற்க வேண்டும். அதற்கு மேல் அரை ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, "குளிருக்கு இதை விட்டா வேற என்ன இருக்கு?" என்று எங்களையே கேட்பான்.

பாய்லர் பார்க்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை உடம்பு பரிசோதனை உண்டு. போன குளிர்காலத் தொடக்கத்தில் டாக்டர் பரிசோதித்துவிட்டு அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சர்க்கரை கன்னாபின்னான்னு ஏறிக் கிடக்கு. மாத்திரை தர்றேன். ஆனா சாப்பாட்டை மாத்தலேன்னா மாத்திரை மட்டும் என்ன செய்யும்? குளிர்காலம் முடியறப்ப மறுபடி பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீராவி வால்வுகிட்ட நிக்கறப்ப தலைசுத்தி விழுந்தீங்கன்னா யாரு பதில் சொல்றது?"

மேனேஜர் அதைக் கேட்டதும் மாற்று ஏற்பாட்டையும் அங்கேயே சொல்லிவிட்டார். வாட்ச்மேனிடமும் பாய்லர் லைசென்ஸ் இருந்தது. முன்பு வேறோர் ஆலையில் பாய்லர் பார்த்தவர் அவர். அந்த ஆலை மூடியபிறகு இங்கே வந்தார், இங்கே காலியாக இருந்தது கேட் மட்டும்தான். அண்ணன் தேறாவிட்டால் வாட்ச்மேன் பாய்லருக்கு, அண்ணன் கேட்டுக்கு. கேட் என்றால் மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் காற்று. அங்கே வைத்த டீ, வாய்க்குப் போவதற்குள் ஆறிவிடும். பாய்லர் அறையில் கைவைத்த பனியனோடு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்திருந்த மனுஷன், அன்று வீட்டுக்கு வந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணி அழவில்லை. அவள் வீட்டிலிருந்தபடியே திரைச்சீலை தைக்கிறவள். தையல் கோணினால் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை, பிரித்துத் தைக்கிற ஜாதி. "இவ்வளவுதானே? இவர் சாப்பாட்டைப் பிரிச்சுத் தைச்சாப் போச்சு" என்றாள்.

முதல் தையல் சரியாக வரவில்லை என்பதை நான் சொல்லத்தான் வேண்டும். ஒரு பெரிய கிண்ணம் நிறைய வெந்நீர், அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முட்டைக்கோஸ் இலை. அண்ணன் கரண்டியை நடுவில் நட்டான். அது கிண்ணத்தின் விளிம்பில் மோதி 'டங்' என்றது.

"இது சூப்பா, சூப்பு வெச்ச பாத்திரத்தைக் கழுவின தண்ணியா?"

"குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"குடிச்சா இதுல என்ன இருக்கு? என் மூஞ்சிதான் தெரியுது."

"அதையாவது கொஞ்ச நேரம் பாருங்க. எவ்வளவு ஊதியிருக்குன்னு தெரியும்."

அன்று இரண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். நடுவில் நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். வீணாகப் போகக்கூடாதே!

ஆனால் அண்ணி லேசில் விடுகிறவள் இல்லை. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு என்னிடம் சொன்னாள், "உங்க அண்ணனுக்கு உருளைக்கிழங்கு மேல ஆசை இல்ல. கெட்டி மேலதான் ஆசை. அவரு நாக்கை ஏமாத்த வேண்டாம், கரண்டியை நிக்க வெச்சாப் போதும்."

அதன்பிறகு அந்தச் சமையலறையில் நடந்ததெல்லாம் கெட்டி வேட்டைதான். காலிஃபிளவரை வேகவைத்து மசித்தாள். இரவே ஊறப்போட்ட வெள்ளை பீன்ஸில் பாதியை முழுசாகவும் பாதியை நசுக்கியும் போட்டாள். வெங்காயத்தை அவசரப்படாமல் பழுப்பாகும்வரை வதக்கினாள். தோல் உரித்த கோழியை எலும்போடு போட்டு, காளானும் பூண்டும் மிளகும் சேர்த்து, கடைசியில் ஒரு கட்டுக் கீரை. உருளைக்கிழங்கின் இடத்தில் டர்னிப் கிழங்கைச் சதுரம் சதுரமாக நறுக்கிப் போட்டாள். பார்வைக்கு உருளைக்கிழங்கேதான், கடித்தால்தான் ஆள் மாறாட்டம் தெரியும். பார்லி மட்டும் எண்ணிப் போட்டதுபோல ஒரு சிறு பிடி. நான் இன்னொரு பிடி அள்ளப்போனேன். கையில் கரண்டியாலேயே ஒன்று போட்டாள்.

அண்ணன் வந்து உட்கார்ந்தான். கரண்டியை நட்டான். நின்றது. அவன் கையை எடுத்துவிட்டுக் குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். இரண்டு கிண்ணம் உள்ளே போனது. ரொட்டி எங்கே என்று கேட்க மறந்துவிட்டான்.

ஒரே ஒரு தொல்லை. இந்தக் கெட்டி சூப் மெதுவாக, மணிக்கணக்கில் வெந்தால்தான் ருசி. அண்ணி தையலில் உட்கார்ந்தால் அடுப்பை மறந்துவிடுவாள். இரண்டு தடவை அடிப்பிடித்தது. அண்ணன் மார்தட்டினான். "என் பாய்லர் இருக்கறப்ப உனக்கு எதுக்கு அடுப்பு? குண்டானைக் கொடு." அன்றிலிருந்து எல்லாவற்றையும் நறுக்கி, வதக்கி, குண்டானில் அடுக்கி, தண்ணீர் ஊற்றித் துணியால் கட்டி அண்ணி கொடுப்பாள். அண்ணன் அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு போவான். பாய்லர் அறையில் நீராவிக் குழாய்க்கு மேலே ஓர் இரும்புத் தட்டு உண்டு. காலையில் அதில் வைத்தால் மதியத்துக்குள் எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று விழும்.

இங்கே எங்கள் ஆலையின் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யார் பாத்திரத்திலிருந்து ஒரு வாய் எடுத்தாலும் பதிலுக்கு எதையாவது அந்தப் பாத்திரத்தில் போட்டாக வேண்டும். வெறுங்கையோடு வந்து தின்றால் 'ஓசிக் கரண்டி' என்று பட்டம் கட்டிவிடுவார்கள். ஒருதரம் கட்டினால் வேலையை விட்டு நிற்கும்வரை அந்தப் பட்டம் போகாது.

அண்ணனின் குண்டான் வாசனை வெளுக்கும் பகுதிவரை போய்விட்டது. அங்கே ஈரத்தில் நின்று விரல் விறைத்தவர்கள் கை காய வேண்டும் என்ற சாக்கில் பாய்லர் அறைக்குள் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்கு அண்ணன் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தான். நான் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. நாள் முழுக்க இஸ்திரிச் சூட்டில் வேகிறவளுக்கு அங்கே என்ன வேலை?

சாயங்காலம் காலிக் குண்டானோடு அண்ணன் வருவான், வாய் நிறையப் புகழ்ச்சியோடு. "இன்னிக்கு என்னா கெட்டி! லேசா ஒரு இனிப்பு வேற. என்ன போட்டே?"

"ஒண்ணும் புதுசாப் போடலையே. வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் வதக்கினேன்" என்று அண்ணி தலையைக் குனிந்துகொள்வாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கைப்பக்குவம் பற்றிப் பாடம் எடுக்கிற அளவுக்குப் போய்விட்டாள்.

எல்லாம் சரி, விரலில் ஊசி குத்திப் பார்க்கிற கருவி மட்டும் இவர்களோடு சேர்ந்து சந்தோஷப்படவில்லை. முதலில் இறங்கிய சர்க்கரை மறுபடி ஏறியது. பிறகு இன்னும் ஏறியது. அண்ணிக்கு மூக்கின் மேல் கோபம். அண்ணன் சட்டைப் பையை உதறினாள், வாயை ஊதச்சொல்லி மோந்து பார்த்தாள்.

"எந்தக் கடையில என்னத்தைத் தின்னுட்டு வர்றீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"ஒரு துண்டு மிட்டாய் தொட்டிருந்தா கேளு. என் பாய்லர் மேல சத்தியம்!"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மற்ற எதன்மேல் சத்தியம் செய்தாலும் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். பாய்லர் மேல் பொய்ச் சத்தியம் செய்கிறவன் இல்லை என் அண்ணன். அப்படியென்றால் ஏறுவது எப்படி? குளிர்காலமோ முடியப் பாதிதான் இருந்தது. அண்ணன் தூக்கத்தில் கேட்டைப் பற்றி உளற ஆரம்பித்திருந்தான்.

அப்போதுதான் அந்த வெறும் குண்டான் விவகாரம் நடந்தது. அண்ணிக்கு ஓர் ஓட்டலின் திரைச்சீலை மொத்தமும் தைக்க வந்திருந்தது. காலையில் அண்ணனோடு சண்டை வேறு. சண்டை மும்முரத்தில் ஊறவைத்த பீன்ஸையும் தண்ணீரையும் மட்டும் குண்டானில் கொட்டி, துணி கட்டிக் கொடுத்தனுப்பிவிட்டாள். அவன் போனபிறகு திரும்பிப் பார்த்தால் வதக்கிய வெங்காயம், கோழி, காளான், கீரை எல்லாம் மேடையிலேயே உட்கார்ந்திருக்கின்றன. உப்புகூடப் போடவில்லை. ஐயையோ, மனுஷன் மதியம் பட்டினி கிடப்பாரே என்று அவளுக்கு நாளெல்லாம் தையல் ஓடவில்லை.

சாயங்காலம் அண்ணன் வந்தான். குண்டானைக் கீழே வைத்தான். "சண்டை போட்டாலும் சமையல்ல குறை வெக்கலே பாத்தியா! இன்னிக்கு வெச்ச மாதிரி நீ என்னிக்குமே வெச்சதில்ல" என்றான்.

அண்ணி கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் எதையாவது மெதுவாகச் செய்தால் நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வது வழக்கம்.

மறுநாள் அவள் என்னோடு ஆலைக்கு வந்துவிட்டாள். பாய்லர் அறை வாசலுக்கு எதிரே அழுக்கு விரிப்பு மூட்டைகள் ஏற்றிய தள்ளுவண்டி நின்றது. அதன் பின்னால் இருவரும் குந்திக்கொண்டோம். ஆஸ்பத்திரி விரிப்பின் வாசனையைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அண்ணன் குண்டானைத் தட்டில் வைத்தான். அது கொதிக்க ஆரம்பித்ததும், வால்வுகளைப் பார்த்துவர உள்கூடத்துக்குப் போனான்.

முதலில் வண்டி ஓட்டுகிற டிரைவர் வந்தார். கோட்டுக்குள்ளிருந்து வேகவைத்த உருளைக்கிழங்குகளை எடுத்தார். ஒன்று, இரண்டு என்று இல்லை, அள்ளி அள்ளிப் போட்டார். "பாவம், பத்தியச் சாப்பாடு சாப்பிட்டு மனுஷன் இளைச்சுட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் போனதும் வெளுக்கும் பகுதி அக்கா. ஒரு பாக்கெட் நூடுல்ஸை நொறுக்கிக் கொட்டி, கரண்டியால் ருசி பார்த்து, முகத்தைச் சுளித்து, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து இரண்டு கரண்டி சர்க்கரை! கலக்கிவிட்டு, "இப்பதான் வாயில வெக்க முடியுது" என்றாள். அடுத்து வந்த கணக்கர் படித்த மனுஷன். ரொட்டித் துண்டுகளைக் கொண்டுவந்து, ஓரம் மட்டும் நீக்கிவிட்டுப் போட்டார். ஓரம் உடம்புக்கு ஆகாதாம்.

அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். தடம் இன்னும் இருக்கிறது.

"இருங்க அண்ணி, இன்னும் யாரு வர்றான்னு பாத்துடுவோம்" என்று கிசுகிசுத்தேன்.

கடைசியாக வந்தது வாட்ச்மேன். பெரிய கம்பளிக் கோட்டு, காதுவரை மப்ளர். அக்கம்பக்கம் பார்த்தார். துணி எடுக்கிற மர இடுக்கியைக் குண்டானுக்குள் விட்டு, ஓர் உருளைக்கிழங்கை எடுத்துத் துடைத்து வலது பாக்கெட்டில் போட்டார். இன்னொன்றை எடுத்து இடது பாக்கெட்டில் போட்டார். மூன்றாவதை எடுத்தார், வைக்க இடமில்லாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

மற்றவர்கள் போட்டதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்த அண்ணிக்கு, எடுத்ததைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. "திருடன்!" என்று ஒரே பாய்ச்சல். பின்னாலேயே நானும். மூட்டை ஒன்று உருண்டு விழுந்தது. சத்தம் கேட்டு டிரைவர், அக்கா, கணக்கர், அண்ணன் எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட வாட்ச்மேனுக்கு வாயில் சூடான கிழங்கு. துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. கண்ணில் தண்ணீர் கொட்டத் திருதிருவென்று விழித்தார்.

"குளிரும்மா," என்றார், ஒருவழியாக விழுங்கிவிட்டு. "சூடான கிழங்கு பாக்கெட்ல கெடந்தா மத்தியானம் வரைக்கும் விரல் விறைக்காது. அப்புறம் தின்னுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. குண்டான் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுத் திரும்பினாள். சிரிப்பு கப்சிப் என்று நின்றது.

"சிரிக்கிறீங்களா? இவருக்குச் சர்க்கரைன்னு ஊருக்கே தெரியும். டாக்டர் கையெழுத்துப் போடலேன்னா நாளைக்கு இவரு கேட்ல போய் நிக்கணும்னும் தெரியும். தெரிஞ்சும் சர்க்கரையை அள்ளிக் கொட்டினா என்ன அர்த்தம்? நான் வீட்டுல பார்லியை ஒவ்வொண்ணா எண்ணிப் போடறேன், நீங்க இங்க கல்யாணச் சமையல் பண்றீங்க!"

"பாசத்துலதான் தங்கச்சி..." என்று டிரைவர் இழுத்தார். "வெறுங்கையோட வர முடியுமா?"

"வெறுங்கையோட வர வேண்டாம். ஆனா நான் சொல்றதைத்தான் கொண்டு வரணும். அண்ணே, நீங்க டர்னிப். அக்கா, நீங்க கீரை. சார், நீங்க காளான், ஓரத்தையெல்லாம் வெட்டாம முழுசா. இனிமே இந்தக் குண்டானுக்குள்ள உருளைக்கிழங்கு விழுந்துச்சு, போட்ட கையை நான் வேக வெச்சுடுவேன்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் மெல்ல பாய்லருக்குப் பின்னால் நகரப் பார்த்தான்.

"நில்லுங்க. நேத்து நான் அனுப்பினது வெறும் பீன்ஸும் தண்ணியும். இன்னிக்கு வெச்ச மாதிரி என்னிக்குமே வெச்சதில்லைன்னு சொன்னீங்களே, அது டிரைவர் அண்ணன் கைப்பக்குவம். இத்தனை நாளா அவரு கைப்பக்குவத்துக்கு நான் வெக்கப்பட்டுக்கிட்டு நின்னிருக்கேன்!"

அண்ணன் முகத்தில் அசடு வழிந்தது. டிரைவருக்கு ஒரு நொடி பெருமையாக இருந்ததை நான் பார்த்தேன். அன்று சாயங்காலம் அண்ணி அதே வெறும் பீன்ஸை உப்பில்லாமல் வேகவைத்து அண்ணன் முன்னால் வைத்தாள். அவன் முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

"பொய் சொல்லாதீங்க."

"உப்பு மட்டும் கொஞ்சம் குறையுது."

அதற்குப் பிறகு அண்ணியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மிச்சக் குளிர்காலம் முழுக்கக் குண்டானில் விழுந்தது அண்ணி சொன்னது மட்டும்தான். நான் இஸ்திரியை விட்டுவிட்டு அவ்வப்போது போய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். அக்கா மட்டும் சில நாள் முணுமுணுத்தாள். பிறகு அவளே வீட்டில் காலிஃபிளவரை மசிக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. கருவி மெல்ல மெல்ல எங்களோடு ராசியானது. ஆனாலும் பரிசோதனை நாளன்று அண்ணன் பாய்லரின் வயிற்றில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றான். ராஜா என்றெல்லாம் அன்று கூப்பிடவில்லை. அண்ணியும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தாள். அலுவலக அறை வாசலில் அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

டாக்டர் தாளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "இப்படியே இருங்க. சாப்பாட்டை விட்டுடாதீங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் நாற்காலிகூடத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் ஓவென்று அழுதேன். இந்த முறை அண்ணியும் அழுதாள்.

நாங்கள் வெளியே வந்தபோது கேட்டில் மேனேஜர் வாட்ச்மேனைச் சீண்டிக்கொண்டிருந்தார். "என்னய்யா, பாய்லர் ரூம் கைநழுவிப் போச்சே! சூடா உட்கார்ந்திருக்கலாம். உமக்குக் கொடுத்து வைக்கலே." வாட்ச்மேன் விரல்களை ஊதிக்கொண்டே, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அண்ணி அப்படியே நின்றுவிட்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அண்ணன் தோற்றிருந்தால் அந்தச் சூடான அறை இவருக்குத்தான். அதற்கு இவர் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். உருளைக்கிழங்கைக் குண்டானிலேயே விட்டிருந்தால் போதும்.

மேனேஜர் போனதும் அண்ணி வாட்ச்மேனிடம் போனாள். "ஏண்ணே எடுத்தீங்க? நிஜத்தைச் சொல்லுங்க."

வாட்ச்மேன் மப்ளரை இழுத்து விட்டுக்கொண்டார். "ரூமு வேணும்தாம்மா. யாருக்கு வேண்டாம்? ஆனா உன் புருஷன் விழுந்துதான் அது எனக்குக் கிடைக்கணும்னா, அந்தச் சூடு எனக்கு ஒட்டாது. வாயைத் திறந்து சொன்னா, ரூமுக்கு ஆசைப்பட்டுக் கோள் சொல்றான்னு பேசுவாங்க. அதான் எடுக்கற வரைக்கும் எடுத்தேன்." அப்புறம் சட்டென்று சிரித்தார். "என் கோட்டுக்கு ரெண்டே பாக்கெட்டு. இன்னும் ரெண்டு இருந்திருந்தா உன் புருஷனுக்குச் சர்க்கரையே ஏறியிருக்காது."

அண்ணி கையை நீட்டினாள். "கோட்டைக் கழட்டுங்க" என்றாள். அந்த அதட்டலுக்கு அவர் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றார். அண்ணன் ஓடிப்போய் பாய்லர் அறையிலிருந்து ஒரு கம்பளியைக் கொண்டுவந்து அவருக்குப் போர்த்திவிட்டான்.

சாயங்காலத்துக்குள் கோட்டு திரும்பி வந்துவிட்டது. உள்ளே, ஓட்டல் திரைச்சீலைக்கு வைத்திருந்த தடித்த உள்துணியில் தைத்த நாலு புதுப் பாக்கெட், ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய உருளைக்கிழங்கு உட்காருகிற அளவு.

இப்போது மறு குளிர்காலம் வந்துவிட்டது. அண்ணன் தினமும் காலையில் இடுப்பில் குண்டானும் கையில் ஒரு துணிமூட்டையுமாக வேலைக்குப் போகிறான். மூட்டையில் அண்ணி வேகவைத்த நாலு உருளைக்கிழங்குகள், சுடச்சுட. கேட்டில் வாட்ச்மேன் முதலில் அண்ணன் வாயை ஊதச்சொல்லி மோந்து பார்ப்பார். பிறகு மூட்டையைப் பிரித்து எண்ணுவார். நாலும் இருந்தால்தான் கேட்டைத் திறப்பார்.